மழைக்கு லீவு கொடுத்த ஊர்

தரம் எட்டுப் பிள்ளைகளிடம் ஒருநாள் தண்ணீர் வெட்டு அறிவித்தல் ஒன்றைக் கொடுத்தேன். பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நாம் நிஜமாகவே வாசிக்கிற ஒன்றை வாசிக்கட்டும் என்பது என் எண்ணம். வியாழக்கிழமை காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நீர் வராது, முன்கூட்டியே சேமித்துக்கொள்ளவும், அவ்வளவுதான் அறிவித்தல். கீழே மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். இது யாருக்காக எழுதப்பட்டது? இதில் சொல்லாமல் விட்டது என்ன? எழுதியவரை நேரில் கண்டால் என்ன கேட்பீர்கள்? முப்பத்துநான்கு பேரில் முப்பத்தொரு பேர் இந்த மூன்று கேள்விகளையும் தாண்டிப் போய், அடியில் ஒரு கோடு போட்டு, "நான் பெற்ற படிப்பினை: நாம் நீரை வீணாக்கக் கூடாது" என்று எழுதித் தந்தார்கள். மீதி மூன்று பேர் அன்று பாடசாலைக்கு வரவில்லை.

இந்தப் படிப்பினை வியாதியோடு நான் பத்தொன்பது வருடமாக மல்லுக்கட்டுகிறேன். எதைக் கொடுத்தாலும் அதைப் பிழிந்து ஒரு படிப்பினை எடுத்துத் தந்துவிட வேண்டும் பிள்ளைகளுக்கு. கதையில் வருகிறவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் முழிப்பார்கள். பெரியோர் சொற்படி நடக்க வேண்டும் என்று மட்டும் கோரஸாகச் சொல்வார்கள். பெரியோர் சொன்னது பிழையாக இருந்தால் என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் என்னைப் பயத்தோடு பார்த்தது. பிறகு முன் வாங்கில் இருந்த ஒருத்தி, "அப்பவும் மரியாதையாத்தான் இருக்கணும் டீச்சர்" என்றாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பாடசாலை ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் லயங்களிலிருந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். நான் தினமும் கண்டியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். தமிழ் கற்பிப்பதோடு எட்டாம் வகுப்பின் வகுப்பாசிரியை வேலையும் என் தலையில்தான். அது போதாதென்று வாசிகசாலைப் பொறுப்பையும் தந்திருக்கிறார்கள். வாசிகசாலை என்றால் பெரிய கட்டடம் ஒன்றை நினைத்துவிட வேண்டாம். அதிபரின் அறைக்குப் பக்கத்து நடைபாதையில் நிற்கும் ஓர் இரும்பு அலுமாரி, அவ்வளவுதான்.

பிள்ளைகள் வாசிக்க வேண்டுமென்று மேலிடத்தில் யாரோ முடிவெடுத்ததன் விளைவாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாசிப்புப் பதிவேடு இருக்கிறது. வாரம் தவறாமல் கிழமைக்கு ஒரு புத்தகம் வாசித்து, கட்டம் போட்ட பக்கத்தில் பதிய வேண்டும். புத்தகத்தின் பெயருக்கு ஒரு கட்டம், ஆசிரியர் பெயருக்கு ஒரு கட்டம், பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். பிறகு கதைச்சுருக்கம். அதற்குக் கீழே, வேறென்ன, படிப்பினை. எல்லாவற்றுக்கும் அடியில் ஆசிரியரின் குறிப்பும் கையெழுத்தும் திகதியும். வருடத்தின் மூன்று தவணைகளிலும் ஒவ்வொரு முறை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்து கையெழுத்துகளை எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் தவணையின் நடுப்பகுதியில், ஒரு புதன்கிழமை பின்னேரம், நான் வந்த பஸ் தெல்தெனியவுக்கு வருமுன்பே ஒரு வளைவில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லொறி குறுக்கே நின்றது. அரை மணித்தியாலம் ஆகும் என்றார் கண்டக்டர், ஒன்றரை மணித்தியாலம் ஆனது. மடியில் பதிவேட்டுக் கட்டு இருந்தது. வேறு வேலை இல்லாததால் ஒரு கதைச்சுருக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

புத்தகத்தின் பெயர் 'மழைக்கு லீவு கொடுத்த ஊர்'. பக்கங்கள் அறுபத்துநான்கு. ஓர் ஊரில் தினமும் மழை. வெறுத்துப்போன ஊரார் கூடி, ஒரு கிழமை லீவு எடுத்துக்கொள்ளும்படி மழைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மழை சந்தோசமாகப் போகிறது. ஆனால் லீவு முடிந்தும் திரும்பவில்லை, நல்ல ஓய்வு கிடைத்துவிட்டது போல. கடிதம் போட்டுப் பார்க்கிறார்கள், பூசை வைத்துப் பார்க்கிறார்கள். மழை அசையவில்லை. கடைசியில் ஒரு சிறுமி ஊரிலுள்ள எல்லா வீட்டுத் துணிகளையும் துவைத்து, ஒன்று விடாமல் கொடியில் போடுகிறாள். கொடியில் துணி கிடந்தால் மழையால் பொறுக்க முடியாதே. அது விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருகிறது.

நான் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அட, நல்ல புத்தகம் ஒன்று வந்திருக்கிறதே, வகுப்பில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டலாமே என்று நினைத்தபடி அடுத்த கொப்பியைத் திறந்தேன். அதே புத்தகம். சரி, கைமாறியிருக்கும். அதற்கடுத்ததிலும் அதே புத்தகம், அதே சொற்கள், 'விழுந்தடித்துக்கொண்டு' உட்பட. பழைய பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். பஸ் நகரத் தொடங்குவதற்குள் பதினான்கு கொப்பிகளில் அந்த மழையைக் கண்டுவிட்டேன். சந்தோசம் போய், மண்டை கொதித்தது.

ஒருவர் வாசிக்க, பதின்மூன்று பேர் பார்த்தெழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு உடனே விளங்கியது. ஆனாலும் அந்த ஒருவர் வாசித்த புத்தகம் எனக்கு வேண்டும். கையில் அதை வைத்துக்கொண்டு, இதன் இருபதாம் பக்கத்தில் என்ன இருக்கிறது, சொல் பார்ப்போம் என்று ஒவ்வொருவராக மடக்குவதாகத் திட்டம். சனிக்கிழமை கண்டியில் நான் வழக்கமாகப் போகும் புத்தகக்கடையில் கேட்டேன். கடைக்காரர் கணினியைத் தட்டிவிட்டு, "அப்பிடி ஒரு புத்தகமே வந்ததில்லையே டீச்சர்" என்றார். இன்னும் இரண்டு கடைகளில் ஏறி இறங்கினேன். நூலகத்திலும் தேடினேன். ஆசிரியர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். கணிதம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாளும் பிள்ளையள் வாசிக்கேல்லை எண்டு கத்தினீங்கள். இப்ப எல்லாரும் ஒரே புத்தகத்தை வாசிச்சிட்டுதுகள் எண்டு கத்துறீங்கள். உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார். மணியடித்ததும் நேரே வகுப்புக்குப் போனேன்.

"மழைக்கு லீவு கொடுத்த ஊர் வாசிச்ச எல்லாரும் எழும்புங்க."

பதினான்கு பேர் எழும்பினார்கள். முகத்தில் பெருமை வேறு. புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னதும் பெருமை வடிந்துவிட்டது. யாரிடம் வாங்கினாய் என்று ஒருவனைக் கேட்டேன். அவன் பின்னால் கை காட்டினான். பின்னால் நின்றவள் பக்கத்து வரிசையைக் காட்டினாள். கை இப்படியே வகுப்பைச் சுற்றி வந்து, ஜன்னலோரம் நின்ற ஒரு பிள்ளையிடம் நின்றது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிற, இருக்கிற இடம் தெரியாத பிள்ளை. அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்.

"நீ எங்க வாசிச்ச?"

"வாசிக்கல டீச்சர். எழுதுனேன்."

"யாருடையதைப் பார்த்து எழுதின?"

"பாத்து எழுதல டீச்சர். நானா எழுதுனேன். அப்பிடி ஒரு புத்தகம் இல்ல."

அவளுடைய பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். பதினொரு புத்தகங்கள்.

"இதெல்லாமா?"

"ஆமா டீச்சர்."

"ஆசிரியர் பேரும் நீயே வச்சதா?"

"அதுக்கு ஒரு கட்டம் இருந்துச்சு டீச்சர்."

"ஏன் இப்பிடிப் பொய்யா எழுதின?"

"நீங்க கிழமைக்கு ஒரு புத்தகம்னு சொன்னீங்க. வீட்டுல புத்தகம் இல்ல. அலுமாரி பூட்டியிருந்துச்சு."

அலுமாரியின் திறப்பு, அதன் ஒரே சாவி, என் கைப்பையில் இருந்தது. வாசிகசாலையை நான் பொறுப்பேற்ற வருடம் பட்டியலில் உள்ள புத்தகங்களில் ஏழு காணாமல் போயிருந்தன. அதற்கு நான் எழுதிய விளக்கக் கடிதங்களின் கசப்பில், இனி ஒன்றும் தொலையக்கூடாது என்று பூட்டி வைத்தேன். கேட்டால் திறப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கத் துணிந்த பிள்ளை ஒன்றும் இல்லை. இது எல்லாம் அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கத்தான் செய்தது. உறைத்ததால்தான் கோபம் இரண்டு மடங்காகியது என்று இப்போது தெரிகிறது. சிவப்புப் பேனையை எடுத்து, அந்தப் பதினொரு பக்கங்களிலும் மூலையிலிருந்து மூலைக்குக் கோடு இழுத்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் 'பொய்ப் பதிவு' என்று எழுதினேன். அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

என் சத்தம் கேட்டு, ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளுக்குப் பொறுப்பான பகுதித் தலைவர் வந்துவிட்டார். விசயத்தைக் கேட்டதும் அவருக்கு வியர்த்தது. "அடுத்த செவ்வாய் ஆலோசகர் வாறாங்க டீச்சர். இல்லாத புத்தகத்துக்குப் பதினாலு கொப்பியில பதிவு. கேட்டா யார் பதில் சொல்றது? நாளைக்கு இந்தப் பிள்ளையோட அம்மாவ வரச் சொல்லுங்க. இனி இப்பிடி எழுத மாட்டேன்னு ஒரு கடிதம் வாங்கி வச்சுக்குவோம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அந்தப் பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று பின்னேரம், அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது, சாப்பாட்டு மேசையில் அதைத் திறந்தேன். என் சிவப்புக் கோடுகளுக்கு அடியில் கிடந்ததை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். ஒரு கதையில் காய்ச்சல் ஒன்று தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருந்து கேட்டு வருகிறது. அதை ஒரு மனிதன் பிடித்துக்கொண்டானாம், மூன்று நாளாக விடவில்லையாம். இன்னொன்றில் லயத்தின் நடுச்சுவர் இரண்டு பக்கத்துச் சண்டைகளையும் வருடக்கணக்காகக் கேட்டுச் சலித்து, ஒருநாள் வாய் திறந்து தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்பு இரண்டு வீட்டுக்கும் பிடிக்கவில்லை. இரண்டு வீடும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்து சுவரோடு சண்டைக்குப் போகின்றன. படிப்பினைக் கட்டத்தையும் அவள் விட்டு வைக்கவில்லை. காய்ச்சல் கதைக்குக் கீழே, 'நோய்க்கும் கஷ்டம் இருக்கும்' என்று எழுதியிருந்தாள்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பிள்ளை உலகத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது. இதைத்தானே பத்தொன்பது வருடமாகக் கேட்டுக் கத்தினேன்.

அதைவிட மோசமானது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்தது. என் கையெழுத்து, திகதி, 'நன்று' என்ற குறிப்பு. பதினொரு பக்கங்களுக்கும் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட வாசித்திருக்கவில்லை. முப்பத்துநான்கு கொப்பிகள், கிழமைக்கு ஒருமுறை. பஸ்ஸிலும், தேநீர் வேளையிலும், கூட்டங்களில் பின்வரிசையில் இருந்தும் வைத்த கையெழுத்துகள். பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், தமிழ் டீச்சர், வாசிக்காமல் நன்று போட்டிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது.

இனி இந்தப் பிள்ளை எழுதுமா, எழுதாமல் விட்டுவிடுமா என்பதுதான் எனக்கு அப்போது ஒரே கவலை. ஆலோசகரும் பதிவேடும் எப்படியாவது போகட்டும். காலையில் முதல் வேலையாகப் பிள்ளையின் அம்மாவிடம் பேசி இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அம்மா எனக்கு முன்பே வந்து நடைபாதையில் நின்றார். கொழுந்து எடுக்க மலைக்குப் போகாமல், நல்ல சேலை கட்டி, மகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. நான் வாய் திறக்குமுன் அவரே தொடங்கிவிட்டார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். புள்ள இப்பிடிச் செய்யும்னு நெனைக்கவே இல்ல. ராத்திரியே சாமி படத்துக்கு முன்னால சத்தியம் வாங்கிட்டேன். இனிமே சொந்தமா ஒரு வரி எழுத மாட்டா."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்கம்மா. அவ எழுதணும். நல்லா எழுதியிருக்கா."

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க டீச்சர். ஆனா பொய் பொய்தானே."

எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. நேற்று வகுப்பு முழுவதற்கும் முன்னால் பொய் என்று எழுதியதே நான்தான். இன்று நான் அதை மாற்றிச் சொன்னால் அந்தத் தாய் எதை நம்புவார்? வேறு வழி இல்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"தப்பு என் மேலதாம்மா. நான் அதுகள வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். நேத்துத்தான் முதல் தடவையா வாசிச்சேன்."

அம்மாவுக்கு அது பெரிதாகப்படவில்லை. டீச்சர்மாருக்கு எத்தனை வேலை என்பது போலத் தலையாட்டினார். அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைதான் நிமிர்ந்தாள்.

"பதினொன்னையுமா டீச்சர்?"

"பதினொன்னையும்."

"அப்ப மழைக் கதைக்கு மட்டும் 'மிக நன்று'ன்னு போட்டிருந்தீங்களே?"

நான் பதிவேட்டைத் திறந்தேன். அவள் சொன்னது சரி. மற்றப் பத்துக்கும் நன்று. மழைக்கு மட்டும் மிக நன்று. முந்திய நாள் கோபத்திலும் துக்கத்திலும் நான் கவனிக்காமல் விட்டது.

"அதுல மட்டும் என்ன கூடுதலா நல்லா இருக்குன்னு ரொம்ப நாளா தேடுனேன் டீச்சர்," என்றாள். "மத்ததோட வச்சு வச்சுப் பாத்தேன். அந்தப் புள்ள கடைசில செய்யிற வேல யாரும் எதிர்பாக்காதது, அதனாலதான் இருக்கும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எழுதுன எல்லாத்துக்கும் அப்பிடியே ஒரு முடிவு யோசிச்சு யோசிச்சு வச்சேன். ஆனா மறுபடி மிக நன்று வரவே இல்ல. அதுகள்ல என்ன கொறை டீச்சர்?"

திகதியைப் பார்த்தேன். முதலாம் தவணையின் கடைசி நாள். அன்று பாடசாலை விடுவதற்கு முன் அவசர அவசரமாகக் கொப்பிகளை முடித்தது ஞாபகம் வந்தது. அடுத்த நாளிலிருந்து லீவு. அவளுடையது கடைசியாகக் கைக்கு வந்த கொப்பியாக இருந்திருக்க வேண்டும். முடிந்துவிட்ட சந்தோசத்தில் 'மிக' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை மாதக்கணக்கில் தனியாக இருந்து தன் கதைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்கிறது.

பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். முடியவில்லை.

"ஒரு கொறையும் இல்ல. அன்னைக்கு லீவு விடுற நாள். நான் சந்தோசமா இருந்தேன். அதனால அப்பிடிப் போட்டுட்டேன்."

கோடு இழுத்தபோது வராத கண்ணீர் அப்போது அவளுக்கு வந்தது. "டீச்சர்கிட்ட இப்பிடியெல்லாம் கேக்கலாமா?" என்று அம்மா அவள் தோளில் தட்டினார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கிப் பையில் வைத்தாள்.

"இனிமே எழுதினா வாசிப்பீங்களா டீச்சர்?"

"வாசிப்பேன். ஒவ்வொரு எழுத்தும். அம்மாவையும் நானே சம்மதிக்க வைக்கிறேன். சத்தியத்த எடுத்துக்கலாம்."

"அப்ப நான் யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆலோசகர் வந்தார். கையெழுத்துகளை எண்ணினார், எண்ணிக்கை சரி என்று எழுதிவிட்டுப் போனார். சிவப்புக் கோடுகளைக்கூட அவர் கவனிக்கவில்லை. அம்மா சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார், நான் இரண்டு தடவை லயத்துக்கே போய்க் கேட்டதற்காக. அலுமாரி இப்போது திறந்தேதான் கிடக்கிறது. அந்தப் பிள்ளையும் மற்றவர்களைப் போலக் கிழமைக்கு ஒரு புத்தகம் எடுத்துப் போய், வரிசை பிசகாமல் கதைச்சுருக்கம் எழுதிக் கொண்டுவருகிறாள். உள்ள புத்தகம், உள்ள ஆசிரியர், உள்ள பக்கங்கள். ஒவ்வொரு எழுத்தாக வாசித்துத்தான் கையெழுத்து வைக்கிறேன். ஐந்து கிழமையாகக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம், சொந்தமாக ஏதாவது எழுதினாயா என்று கேட்கிறேன். நேற்றும் கேட்டேன்.

"இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்," என்றாள், மிகவும் மரியாதையாக.